குறுகுறுப்பு மட்டும் தெரிந்தால் போதாது

சகோதரி, பிரசவமாகி எட்டு மாதம் ஆகியும் இருமினால் சிறுநீர் கசிகிறது, இடுப்புத்தளத் தசையை (சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசை) இறுக்கப் பழக்கும் மின்தூண்டல் கருவியை இரண்டு வாரம் பயன்படுத்தியும் குறுகுறுப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மின்னோட்டம் உணர்வு நரம்பைத் தொட்டிருக்கிறது, தசையை இறுக்கும் அளவுக்குப் போகவில்லை. முழங்காலை மடக்கிப் படுத்து, மின்னோட்டத்தை ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். உள்ளே மேல்நோக்கி இழுப்பது தெரிய வேண்டும். வலித்தால் உடனே குறைத்துவிடுங்கள். பிறப்புறுப்பில் வைக்கும் முனையில், எண்ணெய் இல்லாத, நீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல் தடவுங்கள், காய்ந்திருந்தால் சுருக்கென்று குத்தும்.

அப்புறம் கருவியின் அதிர்வெண்ணை, அதாவது நொடிக்கு எத்தனை மின்துடிப்பு என்பதைப் பாருங்கள். 10 ஹெர்ட்ஸ், திடீரென்று வரும் அடக்க முடியாத சிறுநீர் அவசரத்துக்கு. இருமல், தும்மல் கசிவுக்கு 35 முதல் 50 ஹெர்ட்ஸ் வேண்டும். கருவி இறுக்கும்போதெல்லாம் நீங்களும் சேர்ந்து இறுக்குங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்! கருவி தசையை அடையாளம் காட்டும், பலம் உங்கள் பயிற்சியால்தான் வரும். இரண்டு வாரம் போதாது, மூன்று மாதமாவது கொடுங்கள்.

மறுபடி கர்ப்பமோ என்ற சந்தேகம், சிறுநீர்த் தொற்று, பேஸ்மேக்கர் இருந்தால் தொடவே வேண்டாம். ஒருமுறையாவது இடுப்புத்தளம் தெரிந்த பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். சிலருக்குத் தசை தளராமல் இறுகிப்போயிருக்கும், அவர்களுக்கு இது வலியைக் கூட்டிவிடும்.