மகள் மலாவிக்குப் பயிற்சிக்குப் போகிறாள்: தொற்றிலிருந்து காப்பது எப்படி?

கேள்வி: என் மகள் லண்டனில் மருத்துவம் படிக்கிறாள். 'எலெக்டிவ்' என்னும், மாணவர் தானே இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சிக்காக ஆறு வாரம் ஆப்பிரிக்காவில் உள்ள மலாவி நாட்டின் அரசு மருத்துவமனை ஒன்றுக்குப் போகவிருக்கிறாள். அங்கே எச்.ஐ.வி.யும் காசநோயும் அதிகம் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு உறக்கமில்லை. அவளை அனுப்பலாமா, டாக்டர்?
– ஒரு வாசகி, லண்டன்

பதில்: தாராளமாக அனுப்புங்கள், அம்மா. ஆனால், காப்புக்கு வேண்டிய ஏற்பாடுகள் எல்லாம் அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

எல்லோரும் எச்.ஐ.வி.யை நினைத்தே அஞ்சுகிறார்கள். அந்தக் கிருமி உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய 300-இல் ஒன்றுதான். நோயாளி ஒழுங்காக மருந்து உட்கொண்டு வருபவராக இருந்தால் அது இன்னும் வெகுவாகக் குறையும். எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகள் அனைவருக்கும் வாழ்நாள் சிகிச்சையைத் தொடங்கும் திட்டத்தை 2011-லேயே கொண்டுவந்த நாடு மலாவி என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மாறாக, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி, தடுப்பூசி போட்டுக்கொள்ளாத ஒருவருக்கு இதே ஊசிக் குத்தில் 100-க்கு 30 வரை தொற்றக்கூடும். தடுப்பூசி போட்டாயிற்று என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவு குறைந்தது 10 அலகாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிரிட்டனில் 100-க்கு மேல் இருப்பதையே விரும்புவார்கள்.

அடுத்தது, எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைகளின் முதல் சில நாள்களுக்கான பொதி. கல்லூரியிடம் கேட்டு அதை வாங்கி, கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். ஊசி குத்திவிட்டால் காயத்தைப் பிதுக்காமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கூடிய விரைவில், எப்படியும் 72 மணி நேரத்துக்குள், முதல் மாத்திரையைப் போட்டுக்கொள்ள வேண்டும். மருத்துவர் நிறுத்தச் சொன்னாலொழிய 28 நாள் தொடர வேண்டும். நள்ளிரவில் யாருக்குத் தொலைபேசியில் அழைப்பது என்பதும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டிய ஒன்று.

இதில் நான் மிகவும் கவலைப்படுவது மாணவர்களின் கூச்சத்தை நினைத்துத்தான். பிரசவ அறையில் ஆள் பற்றாக்குறை, நள்ளிரவு, தையல் போட வேண்டிய தாய் படுத்திருக்கிறார், கண்ணுக்குப் போடும் காப்புக் கண்ணாடி இல்லை, பயன்படுத்திய ஊசிகளைப் போடும் பெட்டியோ வாய்வரை நிரம்பியிருக்கிறது. அந்த நேரத்தில் "காப்பு இல்லாமல் நான் செய்ய மாட்டேன்" என்று சொல்லும் உரிமை உங்கள் மகளுக்கு உண்டு. அதைக் கல்லூரியே எழுத்தில் கொடுத்தனுப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஊசி குத்தியதை மறைப்பவர்களும் உண்டு, திட்டு விழுமோ என்ற பயத்தில். நீங்கள் அவரிடம், "எது நடந்தாலும் முதலில் சொல்லிவிடு" என்று இப்போதே பேசி வையுங்கள். தனக்குப் பொருந்தும் கையுறைகளையும் காப்புக் கண்ணாடியையும் அவர் கையோடு கொண்டுபோவது நல்லது.

காசநோய் காற்றில் பரவுவது. ஆகவே அந்த வார்டுகளில் முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் என்95 வகை முகக்கவசம் தேவை. சாதாரண அறுவைச் சிகிச்சை முகக்கவசம் போதாது. மலேரியா மாத்திரையும் கொசுவலையும் கட்டாயம். மலாவி ஏரியில் நீந்த ஆசை வரும். அந்த நீரில் நத்தைகள் வழியே பரவும் ஒட்டுண்ணி உண்டு, தவிர்க்கச் சொல்லுங்கள்.

திரும்பி வந்தபின் எட்டு முதல் பத்து வாரம் கழித்துக் காசநோய்த் தொற்றுக்கான பரிசோதனை செய்துகொள்ளட்டும். ஓராண்டுக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், மலாவிக்குப் போய் வந்ததை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லி, அன்றே மலேரியாவுக்கு இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்ல வேண்டும்.