முதல் வாரமே பயமுறுத்தி வைக்க வேண்டுமா?

கேள்வி: சிறார் தடுப்பு இல்லத்தில் அதிகாரி வேலைக்குத் தேர்வாகியிருக்கிறேன். அடுத்த மாதம் பயிற்சி. இதே வேலையில் பல வருடம் இருந்த உறவினர் ஒருவர், “முதல் வாரத்திலேயே கை ஓங்கிவிடு, ஒருத்தனையாவது அழ வை, அப்புறம் எவனும் வாலாட்ட மாட்டான். பாவம் பார்த்தால் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள்” என்கிறார். எனக்கு இயல்பாகவே குரல் உயராது. நான் இந்த வேலைக்கு லாயக்குதானா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: லாயக்குதான். உங்கள் உறவினர் எத்தனை வருடம் அங்கே இருந்திருந்தாலும் சரி, அவர் சொல்வது தவறு. அவர் சொன்னபடி நடப்பதாக உத்தேசம் இருந்தால் தயவுசெய்து அந்த வேலைக்குப் போகாதீர்கள்.

அடித்தால் அடங்குவார்கள் என்பது பார்வைக்கு உண்மை மாதிரிதான் தெரியும். நீங்கள் நிற்கும்போது அந்தக் கூடம் அமைதியாக இருக்கும், மேலதிகாரி வந்து பார்த்து மெச்சிவிட்டும் போவார். ஆனால் அந்த நாளிலிருந்து உங்களிடம் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். யார் யாரோடு மோதப்போகிறான், யார் பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பைச் சுவரில் தேய்த்துக் கூராக்கி வைத்திருக்கிறான், யாருக்கு போனில் வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்தது, யார் “இனி இருந்து என்ன” என்று முணுமுணுக்கிறான் என்பதெல்லாம் எப்போதும் ஏதோ ஒரு பையனுக்குத் தெரிந்துதான் இருக்கும். அவன் அதை அடிக்காத ஆளிடம்தான் சொல்வான். அந்தக் கட்டடத்துக்குள் உங்கள் உயிருக்கும் அவர்கள் உயிருக்கும் காவல் அந்தத் தகவல்தான், கையில் இருக்கும் சாவிக்கொத்து இல்லை. பயம் காட்டுகிற அதிகாரி முதல் வாரத்திலேயே அந்தக் காவலை இழந்துவிடுகிறார்.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன், 2004 ஏப்ரலில் இங்கிலாந்தின் ரெய்ன்ஸ்புரூக் சிறார் காவல் மையத்தில் நடந்தது. 15 வயதுப் பையன், எடை நாற்பது கிலோ சொச்சம், வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ரொட்டி வாட்டும் கருவியைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள், மாட்டேன் என்றான். அறைக்கு அனுப்பினார்கள். பின்னாலேயே போய் அவன் பொருள்களை எடுக்க ஆரம்பித்தார்கள். அதில் அவன் தாயின் புதுக் கைபேசி எண் எழுதியிருந்த துண்டுக் காகிதமும் ஒன்று. அவன் பாய்ந்தான். மூன்று ஊழியர்கள் அவனை உட்கார்ந்த நிலையில் முன்பக்கமாக மடக்கிப் பிடித்தார்கள். மூச்சு விட முடியவில்லை என்று சொன்னான். விடவில்லை. இறந்துபோனான். அது அப்போது பயிற்சியில் சொல்லித்தரப்பட்ட, அனுமதிக்கப்பட்ட பிடிதான், அதற்குப் பிறகுதான் தடை செய்தார்கள். ஆகவே பிடி சரியா தவறா என்பதோடு இது முடிந்துவிடவில்லை. சுத்தம் செய்யாத ஒரு கருவி அடுத்த நாள் காலை வரை அழுக்காகவே இருந்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? யாராவது ஒருவர் ‘சரி, கொஞ்ச நேரம் விட்டுப் பிடிக்கலாம்’ என்று அறைவாசலிலேயே நின்றிருக்கலாம். அந்தத் துண்டுக் காகிதம் அவனுக்கு என்ன என்று கேட்டிருக்கலாம். நீங்கள் பயிற்சியில் எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்: இந்த இல்லங்களில் பெரிய விபரீதங்கள் பலவும் இப்படி அற்பமான ஒரு விஷயத்தில், யார் ஜெயிப்பது என்ற வீம்பில்தான் தொடங்குகின்றன.

உள்ளே இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு இன்னும் தீர்ப்பே வந்திருக்காது, விசாரணைக்காகக் காத்திருப்பவர்கள். நிறையப் பேர் வீட்டில் அடிவாங்கியே வளர்ந்தவர்கள். கத்துகிற பெரியவரை எப்படிச் சமாளிப்பது என்று உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்: முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு நிற்பார்கள், அல்லது திருப்பி அடிப்பார்கள். நான்கு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான்கு மணிக்கு வந்து நிற்கிற பெரியவரைத்தான் அவர்களுக்குப் பழக்கமில்லை.

இந்த வயதில் ஆத்திரத்தை நிறுத்திப் பிடிக்க வேண்டிய மூளைப் பகுதி முழுமையாக வளர்ந்திருக்காது, இருபதுகளின் நடுப்பகுதி வரை அது வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆகவே பத்துப் பேர் முன்னால் ஒருவனை மடக்காதீர்கள். அவனைத் தனியே கூப்பிடுங்கள், முடியாவிட்டால் மற்றவர்களை அங்கிருந்து நகர்த்துங்கள். கதவை மறித்து நிற்காதீர்கள், மூலையில் மாட்டிக்கொண்டதாக அவனுக்குத் தோன்றினால் உங்கள் மேல் ஏறித்தான் வெளியே வரப் பார்ப்பான். நேருக்கு நேர் நெஞ்சை நிமிர்த்தாமல் கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள், கை திறந்தே இருக்கட்டும், ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம் பேசுங்கள், அவன் மானம் போகாமல் பின்வாங்க ஒரு வழி வையுங்கள். எனக்குக் குரல் உயராது என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் உங்கள் மூலதனம். நீங்கள் தணிந்து பேசினால் அதைக் கேட்பதற்காகவாவது அவன் கத்துவதை நிறுத்த வேண்டியிருக்கும்.

அதற்காகக் கேட்டதையெல்லாம் கொடுக்கச் சொல்லவில்லை. “இந்தச் சீட்டை மட்டும் வெளியே என் ஃபிரெண்டுகிட்ட கொடுத்துருங்க சார்” என்று ஒருவன் கெஞ்சுவான். ஒரு தடவை செய்தீர்கள் என்றால் அடுத்த வாரம் அது கோரிக்கையாக வராது, மிரட்டலாக வரும். உங்கள் போனைக் கொடுக்காதீர்கள், சொந்தக் கதையைச் சொல்லாதீர்கள், ஒருவனுக்குச் சலுகை காட்டி இன்னொருவனுக்குச் சட்டம் பேசாதீர்கள். பாரபட்சத்தைப் பிள்ளைகள் நொடியில் மோப்பம் பிடித்துவிடுவார்கள். இல்லை என்றால் இல்லைதான், கோபமில்லாமல். விசாரித்துச் சொல்கிறேன் என்றால் விசாரித்துவிட்டு, பதில் இல்லை என்பதாகவே இருந்தாலும், திரும்பப் போய்ச் சொல்லுங்கள். பாதிப் பேர் இந்தக் கடைசி வேலையைச் செய்வதில்லை.

பார்வையாளர் நாளையும் சொல்ல வேண்டும். தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு, இருக்கிற சட்டையில் நல்லதைப் போட்டுக்கொண்டு ஒருவன் காலையிலிருந்தே கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான். மற்றவர்கள் பெயரெல்லாம் கூப்பிடப்படும், அவன் பெயர் வராது. சாயங்காலம் அவன் ஒரு நாற்காலியை உதைப்பான், அல்லது உங்கள் அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை சொல்வான். அதை ஒழுங்கீனம் என்று மட்டும் பதிவேட்டில் எழுதுகிற அதிகாரியும் உண்டு. காலையிலிருந்தே அவனைக் கவனித்து, நேரம் முடிவதற்குள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டுக்கு ஒரு போன் போட ஏற்பாடு செய்கிற அதிகாரியும் உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 1990இல் ஏற்ற விதிகள் வாரம் ஒரு சந்திப்பு, குறைந்தது மாதம் ஒன்று என்கின்றன. குடும்பத்தோடு பேசுவதைத் தண்டனையாக நிறுத்தக்கூடாது என்றும் சொல்கின்றன. அடி, இருட்டறை, தனிமைச் சிறை, சாப்பாட்டைக் குறைப்பது எதுவுமே தண்டனையாகக் கூடாது, ஊழியர்கள் ஆயுதம் வைத்திருக்கவே கூடாது என்பதும் அதில் இருக்கிறது. உங்கள் உறவினர் சொன்ன முதல் வார யோசனை அந்த விதிகளை நேரடியாகவே மீறுவது.

இரவு டூட்டி பற்றி யாரும் உங்களுக்கு ஆர்வமாகச் சொல்ல மாட்டார்கள், ஆனால் உயிர் போவதும் பிழைப்பதும் பல சமயம் அங்கேதான். தன்னைக் காயப்படுத்திக்கொள்வான் என்று குறித்து வைத்த பையனைக் குறித்த இடைவெளியில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். போர்வைக்குள் ஒரு உருவம் தெரிவது போதாது, நெஞ்சு ஏறி இறங்குவது தெரிய வேண்டும். மூன்று மணிக்குப் பார்த்ததாக இரண்டரைக்கே எழுதி வைக்கும் பழக்கம் எங்கும் உண்டு, தூக்கம் வரும், கால் வலிக்கும், பக்கத்து ஆள் ‘எல்லாரும் இப்படித்தான்’ என்பார். நீங்கள் பார்த்த பிறகு எழுதுங்கள்.

அந்தப் பக்கத்து ஆளைப் பற்றித்தான் உண்மையில் நான் அதிகம் கவலைப்படுகிறேன். பிள்ளைகளைச் சமாளித்துவிடுவீர்கள். சக ஊழியர் ஒருவர் கேமரா இல்லாத மூலையில் ஒருவனை அறைந்துவிட்டு, “நீ பார்க்கல, சரியா?” என்று கேட்கும் நாள் வரும். ஆஸ்திரேலியாவில் டார்வின் அருகே டான் டேல் இல்லத்தில் 2014 ஆகஸ்டில் தனிமைப் பகுதிப் பையன்கள் மீது கண்ணீர்ப்புகை அடித்தார்கள். கலவரம் என்றுதான் வெளியே சொல்லப்பட்டது. 2016 ஜூலையில் காட்சிகள் தொலைக்காட்சியில் வந்த பிறகுதான், தன் அறையை விட்டு வெளியே இருந்தவன் ஒரே ஒருவன், மற்றவர்கள் பூட்டிய அறைகளுக்குள் இருந்தார்கள் என்று நாடே பார்த்தது. அரசு விசாரணை ஆணையம் அமைத்தது அதற்கப்புறம்தான். இடையில் கழிந்த இரண்டு வருடத்தில் அங்கே வேலை பார்த்த ஒவ்வொருவருக்கும் ஏதோ கொஞ்சம் தெரிந்திருக்கும். நீங்கள் கண்டதை அன்றைக்கே, கண்டபடி, தேதி நேரத்தோடு எழுதிக் கொடுங்கள். கொஞ்ச நாள் கேன்டீனில் உங்களோடு யாரும் உட்கார மாட்டார்கள். அதற்கும் தயாராகப் போங்கள்.

எல்லாப் பாரத்தையும் உங்கள் தலையில் வைக்கவில்லை. ஆள் பற்றாக்குறை என்று பிள்ளைகளை நாளெல்லாம் அறைக்குள் பூட்டி வைக்கிற இல்லத்தில் தனி ஒருவரின் நல்ல மனது ரொம்ப தூரம் போகாது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் 1983இல் பூன்வில்லில் இருந்த பெரிய சீர்திருத்தப் பள்ளியை மூடிவிட்டு, சின்னச் சின்னக் குழுக்களாக, வீடு மாதிரியான இடங்களுக்கு மாற்றியது. காவலுக்கு நிற்பதைவிடக் கூட உட்கார்ந்து பேசுவதே அங்கே ஊழியர்களின் முதல் வேலை ஆனது. பிறகு மற்ற மாநிலங்களே வந்து கற்றுக்கொண்டு போயின. இடம் மாறினால் அதிகாரியும் மாறுவார்.

ஆகவே சேருவதற்கு முன்னால் உறவினரைக் கேட்டதை விட்டு, இல்லத்து நிர்வாகத்தையே கேளுங்கள். இரவில் ஒரு அதிகாரிக்கு எத்தனை பிள்ளைகள்? பயிற்சியில் பிடித்து மடக்குவதற்கு எத்தனை நாள், பேசித் தணிப்பதற்கு எத்தனை நாள்? ஒருவனைப் பிடிக்க நேர்ந்தால் அந்தக் கேமராப் பதிவை மறுநாள் யார் பார்க்கிறார்கள்? பிள்ளைகள் இல்லத்துக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் புகார் சொல்ல வழி இருக்கிறதா, அந்த போன் வேலை செய்கிறதா? நேராகப் பதில் சொல்கிற இடமாக இருந்தால் தைரியமாகப் போய்ச் சேருங்கள். மழுப்பினால் வேறு இல்லத்துக்கு விண்ணப்பியுங்கள், கத்தாத ஆள் எல்லா இல்லத்துக்கும் தேவைப்படுகிறார்.