ஜெபத்தில் வார்த்தை வராதபோது

ராத்திரி முழங்கால் போட்டால் ரெண்டே நிமிஷத்தில் வார்த்தை தீர்ந்துவிடுகிறது, மனசு ஆபீஸ் கணக்குக்குப் போய்விடுகிறது, சுவரிடம் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் பல வருஷம் இதே கதைதான். ஒருநாள் "பரிசுத்தமான பிதாவே" என்று ஆரம்பித்தவன், கேஸ் சிலிண்டர் புக் பண்ணினேனா என்று யோசித்தபடி ஆமென் சொன்னேன்!

முதலில், ராத்திரியை விட்டுவிடுங்கள். களைத்த மூளை தூங்கத்தான் பார்க்கும். காலையில் போனைத் தொடுவதற்கு முன் பத்து நிமிஷம் போதும்.

சொந்த வார்த்தை வராவிட்டால் கடன் வாங்கலாம், தப்பில்லை. பைபிளில் சங்கீதங்கள் என்ற ஜெபப் பாடல்கள் 150 இருக்கின்றன. 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள், மொத்தமே ஆறு வசனம். முதல் ரெண்டு வசனத்துக்குள் நாலு தடவை "எதுவரைக்கும்" என்று கடவுளிடம் கேட்கிறார் தாவீது ராஜா. சத்தமாக, மெதுவாக வாசியுங்கள். எந்த வார்த்தை குத்துகிறதோ அங்கேயே நின்று, உங்கள் விஷயத்தைச் சொல்லுங்கள். கோபம் இருந்தால் கோபத்தையே சொல்லுங்கள். 88-ஆம் சங்கீதம் கடைசிவரை வெளிச்சமே காணாமல் இருளில்தான் முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே!

மனசு ஓடினால் திட்டிக்கொள்ளாதீர்கள். ஓடிப்போன அந்த ஆபீஸ் கணக்கையே ஜெபமாக்குங்கள், பயம் அங்கேதானே இருக்கிறது.

ஒன்றும் உணரவில்லையே என்பதற்கு: அன்னை தெரசா பல பத்து வருஷம் அந்த வறட்சியோடுதான் ஜெபித்தார். 2007-இல் வெளிவந்த அவரது கடிதங்களில் அது இருக்கிறது.

ரெண்டு வாரம் 13-ஐ மட்டும் வைத்துப் பாருங்கள். எந்த வசனத்தில் நின்றீர்கள் என்று இங்கே எழுதுங்கள்.