தகட்டை மடித்து ரிவெட் அடித்துச் செய்யும் டூல் பாக்ஸ் கனம் தாங்குமா?

வெல்டிங் மெஷின் கையில் இல்லை, 1 மி.மீ. ஜிஐ தகட்டை (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) மடித்து ரிவெட் அடித்து டூல் பாக்ஸ் செய்தால் ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் போட்டுத் தூக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகத் தூக்கலாம். மெஷின் இருந்தாலும்கூட இந்தத் தடிமனுக்கு நான் ரிவெட்தான் அடிப்பேன். 1 மி.மீ. தகட்டில் வெல்டிங் வைக்கும்போது கை ஒரு நொடி நின்றால் ஓட்டை. ஓட்டை விழாமல் தப்பித்தாலும் சூட்டில் தகடு நெளியும், அப்புறம் மூடி சரியாக உட்காராது. ஜிஐ என்றால் இன்னொரு தொல்லை. துத்தநாகம் சுமார் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். இரும்பு உருக 1500-க்குப் பக்கத்தில் போக வேண்டும். அதனால் பற்றவைக்கிற இடத்தில் பூச்சு வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலுமாகப் படுக்க வைத்துவிடும். பூச்சு போன இடத்தில் துரு ஏறுவது தனிக்கதை.

ஆனால் ரிவெட்டை நிறைய அடித்தால் பெட்டி கெட்டியாகும் என்று நினைக்காதீர்கள். கெட்டித்தனம் பெரும்பாலும் மடிப்பில்தான் இருக்கிறது. வெறும் தகடு கையில் தொளதொளவென்று ஆடும். அதன் ஓரத்தை 10 மி.மீ. உள்ளே மடித்துத் தட்டி அமுக்கிவிட்டுப் பிடித்துப் பாருங்கள், விறைத்து நிற்கும். கையையும் கிழிக்காது. எனவே மேல் விளிம்பை நாலு பக்கமும் மடித்தே ஆக வேண்டும். மூடியில் மூலைக்கு மூலை குறுக்காக லேசான மடிப்புக் கோடு போட்டுவிட்டால், கை ஊன்றும்போது ‘டபக்’ என்று உள்ளே போகாது.

அடியும் நாலு சுவரும் ஒரே தகட்டில் வரட்டும். ரிவெட் பக்கவாட்டில் அறுக்கும் விசையை நன்றாகத் தாங்கும், நேராகப் பிடுங்குகிற விசைக்கு அவ்வளவு தாங்காது. அடியைத் தனியாக வெட்டிக் கீழிருந்து ரிவெட் அடித்தால், உள்ளே போடுகிற ஒவ்வொரு சாமானும் அதைத் தலையோடு பிடுங்கப் பார்க்கும். கைப்பிடிக்கும் இதே கணக்குதான். மூடியின் நடுவில் கைப்பிடி வைத்தால் மொத்தப் பாரமும் பிடுங்கும் விசையாகத்தான் வரும், கொண்டியும் கீலும் சேர்ந்து அவதிப்படும். வாளிக்குக் காது எங்கே இருக்கிறது? பக்கவாட்டில். பெட்டிக்கும் இரண்டு பக்கச் சுவரில் காது வையுங்கள், உள்பக்கம் ஒரு கனமான பட்டையை அண்டக் கொடுத்து.

மடிக்க பிரேக் மெஷின் வேண்டாம். இரண்டு ஆங்கிள் (‘எல்’ வடிவ இரும்பு) துண்டுகளுக்கு நடுவில் தகட்டை வைத்து கிளாம்ப் போட்டு, மரச் சுத்தியலால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். ஒரே இடத்தில் முழுசாக மடக்கினால் அந்த இடம் நீண்டு, விளிம்பு அலை அலையாகிவிடும். ஒவ்வொரு 90 டிகிரி மடிப்பிலும் வெளி அளவு கிட்டத்தட்ட 2 மி.மீ. கூடும். கணக்குப் போட்டுக் கழிக்கலாம்தான். அதைவிடச் சுலபம், பெட்டி முழுசாக முடிந்த பிறகு அதை அளந்து மூடியை வெட்டுவது. முன்கூட்டியே மூடி வெட்டுகிற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

இனி ரிவெட். தகட்டுத் தடிமனுக்கு மூன்று மடங்கு விட்டம் என்பது பழைய கணக்கு, ஆகவே 3 மி.மீ. இரும்பு ரிவெட். ஓட்டையின் மையம் ஓரத்திலிருந்து 6 மி.மீ.க்குக் குறையக் கூடாது, அதனால் மூலையில் பக்கத்துச் சுவரோடு சேர்த்து ரிவெட் அடிக்க மடித்துவிடும் பட்டையை 15 மி.மீ. அகலம் விடுங்கள். இடைவெளி 30, 40 மி.மீ. இருந்தால் போதும். முதல் ஓட்டையை இரண்டு தகட்டிலும் சேர்த்துப் போட்டு, சின்ன போல்ட் ஒன்றை முடுக்கிவிட்டுத்தான் அடுத்த ஓட்டைக்குப் போக வேண்டும். எல்லாம் போட்ட பிறகு கழற்றி, பெரிய டிரில் பிட்டைக் கையாலேயே திருகி இருபுறமும் பிசிறு எடுங்கள். சலிப்பான வேலை, பலர் விட்டுவிடுவார்கள். இரண்டு தகட்டுக்கு நடுவில் பிசிறு நின்றால் ரிவெட் எவ்வளவு அடித்தாலும் இடைவெளி மூடாது, பெட்டி கடகடவென்று பேசிக்கொண்டே இருக்கும்.

பெட்டி மேலே திறந்துதானே இருக்கிறது, இரண்டு பக்கமும் கை எட்டும். எனவே ஒரு பக்கத்திலிருந்தே அடிக்கிற பாப் ரிவெட்டுக்கு அவசியமில்லை. வைஸில் ஒரு கனமான இரும்புத் துண்டைப் பிடித்து, அதில் ரிவெட் தலை உட்காரக் குழி போட்டுக்கொள்ளுங்கள். மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் காம்பு விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது நாலரை மி.மீ. இருக்க வேண்டும். முதலில் ஓட்டை போட்ட ஒரு கம்பியைக் காம்பின் மேல் மாட்டித் தட்டி இரண்டு தகட்டையும் நெருக்குங்கள். அப்புறம் நேராக இரண்டு மூன்று அடி. காம்பு பருத்து ஓட்டையை நிறைக்கும். சத்தம் ‘சளக்’கிலிருந்து ‘டங்’ என்று மாறும்போது நிறைந்துவிட்டது. பிறகு சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் சுற்றிலும் சின்னச் சின்னதாகத் தட்டித் தலை வரையுங்கள். அதோடு நிறுத்துங்கள்; அழகுக்காக மேலும் தட்டினால் இரும்பு இறுகி, தலையின் ஓரம் வெடிக்கும்.

அலுமினிய ரிவெட் சுலபமாக மசியும் என்று அதைப் போடாதீர்கள். பூச்சு தேய்ந்து இரும்பு வெளியே தெரிந்த பிறகு, ஈரம் பட்டால் பெரிய இரும்புப் பரப்புக்கு நடுவில் அந்தச் சின்ன அலுமினியம்தான் முதலில் அரிக்கும். தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று படிகிற இடத்தில் ரிவெட் அடிப்பதற்கு முன்பே பிரைமர் பூசிவிடுங்கள், பின்னால் அங்கே பிரஷ் போகாது. வெளியே பெயிண்ட் அடிப்பதானால் புது ஜிஐ தகட்டில் சாதாரண எனாமல் நேராக ஒட்டாது, தோல் தோலாக உரியும். நன்றாகத் துடைத்து, ஜிஐக்கு என்றே வரும் எட்ச் பிரைமர் ஒரு கோட் கொடுத்துவிட்டு அடியுங்கள்.