வாத்தியாரைக் கேளுங்க: ரேடார் கண்ணுக்குப் பனி எப்படித் தெரியுது?

கேள்வி: வாத்தியாருங்களே, என் பையன் டொராண்டோவுல இருக்கான். ஒருநாள் பனி விழுறப்போ ரேடார் படத்துல நிறம் அடர்த்தியா இருந்துச்சாம். டப்பாவுல பிடிச்சு உருக்கினா விரல் நனையுற தண்ணிதான். இன்னொரு நாள் படம் லேசாத்தான் இருந்துச்சாம், தண்ணி அதைவிட அதிகம். ரேடார் பொய் சொல்லுதுங்களா?
– ஒரு வாசகி, காங்கேயம்

பதில்: பொய் இல்லீங்க அம்மணி. ரேடாருக்கு எடை போடத் தெரியாது. அனுப்பின அலையில எவ்வளவு திரும்பி வந்துச்சுங்கறது மட்டும்தான் அதுக்குத் தெரியும்.

எங்கப்பா கோயமுத்தூர்ல ஒரு மில்லுல, பஞ்சைச் சீவுற கார்டிங் பிரிவுல இருந்தார். ஷிப்ட் முடிஞ்சு வர்றப்போ புருவமெல்லாம் பஞ்சு. தனி இழை கண்ணுக்கே படாது. நாலு இழை திரண்டா வாசல்ல இருந்தே தெரியும். பனியும் அப்படித்தான். அலைநீளத்தைவிடத் துகள் ரொம்பச் சின்னதா இருந்தா, எதிரொலி, அதாவது திரும்பி வர்ற அலை, எடையோட வர்க்கமா ஏறும். பத்துப் படிகம் தனித்தனியா விழுந்தா 10 பங்குன்னா, அதே பத்தும் பின்னிக்கிட்டு ஒரே பனிப்பூவா விழுந்தா 100 பங்கு. தண்ணி அதேதான்!

இந்தப் பின்னலுக்குக் காரணம் வடிவம். மைனஸ் 15 டிகிரி பக்கத்துல வளர்ற நட்சத்திரப் படிகத்துக்கு ஆறு கை, ஒவ்வொண்ணுலயும் கிளை. ஒண்ணு இன்னொண்ணுல மாட்டிக்கும். ஜவ்வரிசி மாதிரி உருண்ட பனி அப்படி மாட்டாது, வேகமாவும் இறங்கும். பூவோ நொடிக்குச் சுமார் 1 மீட்டர்தான். அதனால காத்துல ஒரே அளவு இருந்தாலும் தரைக்கு வந்து சேர்றது மாறும்.

அலைநீளம் மில்லிமீட்டர் கணக்குக்குக் குறைஞ்சா சிக்கல் கூடுது. பூவோட முன்பக்கத்துல பட்டுத் திரும்புற அலையும் பின்பக்கத்து அலையும் ஒண்ணையொண்ணு அடிச்சுப் போடும். பனியைச் சீரான உருண்டைன்னு வெச்சுப் போட்ட பழைய கணக்குல இந்த அடிச்சுப் போடுறது உள்ளதைவிடக் கூடிப்போச்சு; பெரிய பூக்களோட எதிரொலியை அது குறைவாச் சொன்னது இதனாலதான்.

இதுக்கு வழியும் இருக்குங்க. கிடைமட்டமா அதிர்ற அலை (படுத்த அலை), செங்குத்தா அதிர்ற அலை (நின்ன அலை)ன்னு ரெண்டையும் அனுப்பினா, தட்டையா மிதந்து வர்ற படிகம் படுத்த அலையைத்தான் அதிகமாத் திருப்பும். தாறுமாறாத் திரண்ட பூ ரெண்டையும் ஏறக்குறைய சமமாத் திருப்பும். மழையையும் பனியையும் அளக்க 2014-ல ஏவின ஜி.பி.எம். செயற்கைக்கோள் ரெண்டு அலைநீளத்துல பார்த்து, வித்தியாசத்தை வெச்சுத் துகளோட பருமனைக் கணிக்குது. அது நம்ம தலைக்கு மேலயும் போகுது. காங்கேயத்துக்கு மேல 5 கிலோமீட்டர் ஏறினா அங்கயும் பூஜ்ஜிய டிகிரிதான். சித்திரை இடிமழையில பெரும்பங்கு மேல பனியா இருந்து உருகி வர்றதுதானுங்க.

தம்பிகிட்ட ஒரு கறுப்புத் துணியை அரைமணி நேரம் வெளிய வெச்சுக் குளிர விடச் சொல்லுங்க. அதுல பனியை ஏந்தி, லென்ஸ்ல பார்த்து, நேரத்தோட வடிவத்தைக் குறிச்சு எனக்கு அனுப்பட்டும். அந்த நேரத்து ரேடார் படமும் வேணும்.