நவூரு எதை விற்கிறது?

அன்புள்ள ஐயா,

உயர்நிலைப் பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். தீவு நாடுகளைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியபோது நவூருவை ஒரே வரியில் கடந்துபோனீர்கள்: "ஊதாரித்தனத்தால் கெட்ட தீவு என்று உலகம் பேசும், அந்தக் கணக்கில் பாதிதான் உண்மை." அந்த உலகப் பேச்சைத்தான் இத்தனை ஆண்டுகளாக நான் வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். உரமாகும் பாஸ்பேட் பாறையால் பணக்காரரானார்கள், உட்கார்ந்து தின்றார்கள், பாறை தீர்ந்ததும் ஓட்டாண்டியானார்கள் என்று சொன்னால் பிள்ளைகள் மனத்தில் நன்றாகப் பதிகிறது. இந்த முறை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "எல்லாம் தீர்ந்துபோச்சுன்னா இப்ப எதை வித்துச் சாப்பிடுறாங்க சார்?" என்று கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

நீங்கள் சொன்ன மீதிப் பாதி என்ன? நம் பேரூராட்சி ஒன்றின் மக்கள்தொகைகூட இல்லாத இடம் தனி நாடாக எப்படி நடக்கிறது? அவ்வளவு பேரையும் ஆஸ்திரேலியாவிலேயே ஓரிடத்தில் குடியமர்த்திவிட்டால் என்ன?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் மாணவி கேட்டதுதான் நவூருவைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு வருமுன் இடத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே, பசிபிக்கின் நடுவில், 21 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் ஒற்றைத் தீவு அது. மிக அருகில் உள்ள நிலமான பனாபா கிழக்கே சுமார் 300 கி.மீ. தொலைவில் இருக்கிறது, அதுவும் கிரிபட்டி என்னும் வேறொரு நாட்டைச் சேர்ந்தது. தீவைச் சுற்றி ஓடும் சாலை சுமார் 19 கி.மீ. நீளம் உடையது. விமானம் இறங்கும் நேரத்தில் ஓடுதளத்தை ஒட்டிய சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், நம் ஊரில் ரயில்வே கேட் போடுவதுபோல. அதிகாரபூர்வமான தலைநகர் என்று ஒன்று கிடையாது. அரசு அலுவலகங்கள் யாரென் மாவட்டத்தில் இருப்பதால் வரைபடங்கள் அதையே தலைநகராகக் குறிக்கின்றன. மக்கள் பெரும்பாலும் கடற்கரையை ஒட்டிய குறுகிய வளையத்திலும், உள்ளே புவாடா என்னும் குளத்தைச் சுற்றியும் வாழ்கிறார்கள். எஞ்சிய நடுப்பகுதி, தீவின் ஐந்தில் நான்கு பங்கு, அவர்கள் பேச்சில் 'டாப்சைடு'. பாஸ்பேட்டைச் சுரண்டி எடுத்த பிறகு நிற்கும் சுண்ணாம்புக் கற்கூர்கள் மட்டுமே அங்கே உள்ளன. ஆளுயரத்துக்கும் மேலான அந்தக் கூர்களுக்கிடையே வீடு கட்டவும் முடியாது, பயிர் வைக்கவும் முடியாது.

அந்தப் பாஸ்பேட் உலகுக்குத் தெரியவந்த விதம் வேடிக்கையானது. நவூருவிலிருந்து ஒருவர் எடுத்துவந்த கல் ஒன்று, கல்லாகிப்போன மரத்துண்டு என்ற நினைப்பில், சிட்னியில் இருந்த ஒரு வணிக நிறுவனத்தின் அலுவலகத்தில் கதவுக்கு முட்டுக் கொடுக்கப் பயன்பட்டது. அங்கே வேலை பார்த்த ஆல்பர்ட் எல்லிஸ் 1899-இல் ஐயம் கொண்டு அதைச் சோதித்துப் பார்த்தார். உயர்தரப் பாஸ்பேட் என்று தெரிந்தது. தீவு அப்போது ஜெர்மனியின் கையில் இருந்தது. சில ஆண்டுகளில் சுரங்க வேலை தொடங்கியது. முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியா தீவைக் கைப்பற்றியது.

உங்கள் கதை விட்டுவிடும் பகுதி இங்கேதான் தொடங்குகிறது. போருக்குப் பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று அரசுகளும் பிரிட்டிஷ் பாஸ்பேட் ஆணையம் என்ற ஓர் அமைப்பை வைத்துக்கொண்டு, வெட்டியெடுத்த பாஸ்பேட்டை 42, 42, 16 விழுக்காடு என்று பங்கிட்டுக்கொண்டன. உலகச் சந்தை விலைக்கு அவர்கள் அதை விற்கவில்லை. தோண்டி ஏற்றுமதி செய்ய ஆகும் செலவைக் கணக்கிட்டு, ஏறத்தாழ அந்த விலைக்கே தங்கள் விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவின் கோதுமை வயல்களும் நியூசிலாந்தின் மேய்ச்சல் நிலங்களும் பல பத்தாண்டுகள் அந்த மலிவு உரத்தில் செழித்தன. நிலத்துக்குச் சொந்தக்காரரான நவூரு மக்களுக்குத் தொடக்கத்தில் கிடைத்தது டன்னுக்கு அரைப் பென்னி. 1968-இல் அவர்கள் விடுதலை பெற்றபோது சுரங்க நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே கற்கூர்களாகிவிட்டிருந்தது. தங்களிடமிருந்து எடுக்கப்பட்ட தொழிலையே அவர்கள் 2 கோடியே 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது என்பதை உங்கள் மாணவர்களுக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

1970-இல் தொழில் முழுவதும் அவர்கள் கைக்கு வந்தது. அதன் பிறகு நடந்த ஊதாரித்தனத்தை நான் மறைக்கப்போவதில்லை. தனிநபர் வருமானத்தில் உலகின் முன்வரிசை நாடுகளுள் ஒன்றாக இருந்த அந்த ஆண்டுகளில் மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பினார்கள்; சில ஆயிரம் பேருக்காக ஒரு விமான நிறுவனத்தை ஜெட் விமானங்களோடு நடத்தினார்கள்; பாஸ்பேட் தீர்ந்த பின் பேரப்பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று வைத்த அறக்கட்டளை நிதி தவறான முதலீடுகளிலும் கடனிலும் கரைந்தது. 2004-இல் அந்த மெல்போர்ன் கட்டடம் விற்கப்பட்டது. 2005 டிசம்பரில் எஞ்சியிருந்த ஒரே விமானத்தையும் கடன் கொடுத்தவர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அரசு வங்கி மூழ்கியதில் மக்களின் சேமிப்பும் போயிற்று; 2015-இல் ஓர் ஆஸ்திரேலிய வங்கியின் கிளை வரும்வரை தீவு பல ஆண்டுகள் ரொக்கத்திலேயே ஓடியது. இவை எல்லாம் உண்மை. ஆனால் சொத்தை அழித்தவர்கள் ஒரு சில அமைச்சர்களும், அவர்களுக்கு ஆலோசனை சொல்லிக் கட்டணம் வாங்கிய வெளியூர்க்காரர்களும். அதை ஒரு மக்களினத்தின் சோம்பேறித்தனம் என்று வகுப்பில் சொல்லக் கூடாது.

விடுதலைக்கு முன்பே தோண்டப்பட்ட அந்த மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்காக நவூரு 1989-இல் ஆஸ்திரேலியாவைப் பன்னாட்டு நீதிமன்றத்துக்கு இழுத்தது. வழக்கை விசாரிக்க அதிகாரம் உண்டு என்று நீதிமன்றம் 1992-இல் சொன்னதும், மறு ஆண்டே 10 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தருவதாக ஆஸ்திரேலியா சமாதானம் செய்துகொண்டது.

இனி மாணவியின் கேள்வி. மண்ணை விற்று முடித்த நவூரு, நாடு என்ற தகுதியை விற்று வாழ்கிறது. நான் இதை ஏளனமாகச் சொல்லவில்லை. உலகம் அவர்களிடம் வாங்க விரும்பியது அதைத்தான்.

1990களில் தீவில் அஞ்சல் முகவரி மட்டும் உள்ள நூற்றுக்கணக்கான வங்கிகளைப் பதிவு செய்ய உரிமம் கொடுத்தார்கள். சட்டம் இயற்றும் உரிமை உள்ள எந்த நாடும் செய்யக்கூடியது அது. ரஷ்யக் கறுப்புப் பணம் அதன் வழியே பாய்ந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்து, அமெரிக்கா நெருக்கிய பிறகு அந்தக் கடையை மூடினார்கள். 1999-இல் ஐ.நா. உறுப்பினரானதும் ஒரு வாக்கு கிடைத்தது. அங்கீகாரத்துக்காகச் சீனாவும் தைவானும் போட்டிபோட்டு உதவி தந்ததால், தைவானை அங்கீகரித்திருந்தவர்கள் 2002-இல் சீனாவுக்கும், 2005-இல் மீண்டும் தைவானுக்கும், 2024 ஜனவரியில் மறுபடி சீனாவுக்கும் மாறினார்கள். 2001-இல் படகில் வந்த அகதிகளைத் தன் மண்ணில் இறக்க மறுத்த ஆஸ்திரேலியா, பணம் கொடுத்து நவூருவில் முகாம் அமைத்தது. 2008-இல் மூடி 2012-இல் மறுபடி திறந்த அந்த முகாமின் வருமானம் அரசுக் கருவூலத்தின் பெரும்பங்காக ஆகிவிட்டது. குழந்தைகள் உட்பட மனிதர்கள் அங்கே ஆண்டுக்கணக்கில் எந்த முடிவும் தெரியாமல் அடைபட்டுக் கிடந்தார்கள். அந்த வியாபாரத்தில் விற்றவர்களை மட்டும் குற்றம் சொல்லி, வாங்கியவரை விட்டுவிடும் கட்டுரைகள் எனக்கு எரிச்சலூட்டுகின்றன.

இவற்றுள் மரியாதையான தொழில் மீன். 21 சதுர கி.மீ. நிலத்துக்குச் சட்டம் வழங்கும் கடல் மூன்று லட்சம் சதுர கி.மீ.க்கும் மேல். சூரை மீன் பிடிக்க வரும் அயல்நாட்டுப் படகுகள் கடலில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். ஒருநாள் கட்டணத்துக்கு அடிப்படை விலையாக எட்டுத் தீவு நாடுகள் கூடி வைத்தது 8,000 அமெரிக்க டாலர். அந்தக் கூட்டணிக்கு அடித்தளமான 1982-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்கு 'நவூரு ஒப்பந்தம்' என்றே பெயர். தனித்தனியே பேரம் பேசி ஏமாந்தவர்கள் ஒன்றாக நின்று விலை வைத்ததற்கு இதைவிட நல்ல பாடம் உங்கள் வகுப்புக்குக் கிடைக்காது.

ஆழ்கடல் அடித்தளத்தில் கனிமம் எடுக்க விரும்பும் நிறுவனத்துக்கு ஒரு நாட்டின் ஆதரவு சட்டப்படி வேண்டும். அதையும் நவூரு கொடுக்கிறது. கடற்கரையிலிருந்து மக்களை மேட்டுநிலத்துக்கு மாற்றும் செலவுக்கென்று, 1,05,000 அமெரிக்க டாலர் தொடக்க விலையில் குடியுரிமை விற்கும் திட்டத்தையும் அண்மையில் தொடங்கியிருக்கிறார்கள். மேட்டுநிலம் என்பது டாப்சைடுதான். முன்னர் தோண்டித் தீர்த்த இடத்தையே இப்போது காசு கொடுத்துச் சமன்படுத்தி அதில் குடியேற வேண்டியிருக்கிறது. 2024 டிசம்பரில் ஆஸ்திரேலியாவுடன் ஓர் உடன்படிக்கையும் ஆயிற்று: பட்ஜெட்டுக்கு 10 கோடி, காவல் பணிக்கு 4 கோடி ஆஸ்திரேலிய டாலர், பதிலுக்குப் பாதுகாப்பு, தொலைத்தொடர்பு முதலியவற்றில் வேறு நாடுகளோடு உறவு வைக்குமுன் ஆஸ்திரேலியாவின் சம்மதம் வேண்டும்.

எப்படி நடக்கிறது என்று கேட்டீர்கள். நாடாளுமன்றத்தில் 19 உறுப்பினர்கள், எட்டுத் தொகுதிகள், பதவிக்காலம் மூன்று ஆண்டு. நாட்டின் தலைவரும் ஆட்சித் தலைவரும் ஒருவரே; அவரை உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சிகள் பெயரளவில்தான் உண்டு என்பதால் ஒரு சிலர் இடம் மாறி உட்கார்ந்தாலே ஆட்சி கவிழும். 1996 நவம்பர், டிசம்பர் ஆகிய இரண்டே மாதங்களில் நான்கு பேர் அதிபர் நாற்காலியில் அமர்ந்தார்கள். பெர்னார்டு டொவியோகோ என்பவர் தம் வாழ்நாளில் ஏழு முறை அதிபரானார்.

வாக்கெண்ணும் முறையைக் கணக்கு ஆசிரியரிடம் சொல்லுங்கள், அவர் மகிழ்வார். வாக்காளர் எல்லா வேட்பாளர்களையும் வரிசைப்படுத்த வேண்டும். முதலிடத்துக்கு 1 மதிப்பெண், இரண்டாமிடத்துக்கு ½, மூன்றாமிடத்துக்கு ⅓, நான்காமிடத்துக்கு ¼ என்று கூட்டிக்கொண்டே போய், அதிகம் பெற்றவர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். 1971-இல் டெஸ்மண்ட் டவுடால் என்பவர் வகுத்த இந்த முறை அவர் பெயராலேயே வழங்குகிறது. எல்லாரும் எல்லாருக்கும் உறவுக்காரர்களாக இருக்கும் ஊரில், யாருக்கும் சுழியம் போடாமல் வாக்களிக்க இதைவிட நயமான வழி இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

கடைசியாக, அவர்களை வேறிடத்தில் குடியமர்த்தும் யோசனை. அது புதிதல்ல. 1960களில் ஆஸ்திரேலியாவே குயின்ஸ்லாந்து கரையோரத்தில் உள்ள கர்டிஸ் தீவைத் தருவதாகச் சொன்னது. நவூரு மக்கள் அங்கே ஆஸ்திரேலியக் குடிமக்களாக வாழலாம், தனி அரசு மட்டும் கிடையாது என்பது நிபந்தனை. பின்னாளில் முதல் அதிபரான ஹாமர் டிரோபர்ட்டும் அவருடைய தோழர்களும் 1964-இல் அதை மறுத்துவிட்டார்கள்.

ஏன் மறுத்தார்கள் என்பதற்கு அவர்களுடைய நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். 1920களின் தொடக்கத்தில் ஃப்ளூ காய்ச்சலால் மிகவும் குறைந்துபோன நவூரு மக்கள், தங்கள் இனம் அழியாமல் நிலைக்க 1,500 பேராவது வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார்கள். 1932 அக்டோபர் 26 அன்று பிறந்த ஒரு பெண் குழந்தையோடு அந்த எண் நிறைந்தது. அந்த நாளை 'அங்காம்' என்று இன்றும் விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறார்கள். பத்தாண்டுகளில் ஜப்பானியப் படை வந்து, தீவு மக்களில் சுமார் 1,200 பேரை ட்ரக் தீவுகளுக்குக் கப்பலேற்றிக் கட்டாய வேலைக்குக் கொண்டுபோனது. பட்டினியாலும் நோயாலும் பலர் மாண்டார்கள், அந்த அங்காம் குழந்தையும் அங்கேதான் இறந்தது. போர் முடிந்து 1946 ஜனவரி 31 அன்று 737 பேர் கப்பலில் ஊர் திரும்பினார்கள். 22 ஆண்டுகள் கழித்து விடுதலைக்கு நாள் குறிக்கச் சொன்னபோது அவர்கள் கேட்டு வாங்கியதும் ஜனவரி 31தான்.