பேராசிரியருக்கு இப்போது எழுதலாமா?

இருபது வருடம் கழித்து நன்றி சொல்லி எழுதினால் பேராசிரியருக்கு உங்களை நினைவிருக்குமா என்று தயங்குகிறீர்கள். நினைவில்லாவிட்டாலும் எழுதுங்கள். 'உங்களால்தான் உயர்ந்தேன்' என்று பொதுவாகச் சொல்லாமல், அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள்.

என் பேராசிரியர் ஆய்வறிக்கையின் ஓரத்தில் பென்சிலால் 'இது உனக்கு எப்படித் தெரியும்?' என்று எழுதித் திருப்பித் தருவார். ஒரே பக்கத்தில் நாலு இடத்தில்! இன்றும் வேலையில் ஓர் எண்ணைக் குறிக்கும்போது அந்தப் பென்சில் எழுத்து கண்முன் வரும்; மூலத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன். இதை அவருக்கு எழுதினேன். என் முகம் அவருக்கு நினைவில்லை, அந்தக் கேள்வி நினைவிருந்தது.

1957இல் நோபல் பரிசு கிடைத்ததும் பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பர் காம்யு தாய்க்கு அடுத்து நினைத்தது தன் பள்ளி ஆசிரியர் லூயி ஜெர்மேனைத்தான். பரபரப்பு சற்று அடங்கியதும் அவருக்குக் கடிதமும் எழுதினார். நீங்கள் ஒரு பக்கம் எழுதினால் போதும். இந்த வாரமே அனுப்பிவிடுங்கள், உங்கள் பேராசிரியருக்கும் வயதாகிறது.